310 கேஸும் ஒரு டிரக் டிரைவரும்

கேள்வி: அக்கா, நான் டெக்ஸாஸ்ல இருக்கேன், ஹெச்4 ஈஏடி-ல (வீட்டுக்காரர் விசாவை வச்சு வர்ற வேலை அனுமதி) வேலை பாக்கறேன், ஊர்ல எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணில முதுகலை, முடிச்சவ. 14 மாசமா உடம்பு முடியாம வேலைக்குப் போக முடியாதவங்களுக்கு அரசாங்கத்துல இருந்து உதவித்தொகை வாங்கித் தர்ற ஒரு டிஸெபிலிட்டி கிளெய்ம் கம்பெனில கேஸ் மேனேஜர், வீட்ல இருந்தே வேலை. என் பேர்ல 310 கேஸ் இருக்கு. ஒரு கால் 6 நிமிஷத்தைத் தாண்டினா சூப்பர்வைசர் சாட்ல வந்து கேக்கறாங்க, அதனால 5 மணிக்கு லாக் அவுட் பண்ணிட்டு அப்புறமா உக்காந்துதான் நோட்ஸ் எழுதறேன், அதுக்குச் சம்பளம் கிடையாது. என் லிஸ்ட்ல ஒரு டிரக் டிரைவர், முதுகுல ஆபரேஷன் ஆனவர், அப்ளை பண்றப்ப 48 வயசு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆகி, இப்ப ஜட்ஜ் ஹியரிங்குக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. கம்பெனி அவர் கேஸை விட்டுடப் போகுது. மனைவி சம்பளத்துலதான் வீடு ஓடுதாம், தினமும் கூப்பிடறார். போன வாரம் நான் இருந்து என்ன பிரயோஜனம்னு ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, கவலைப்படாதீங்க சார்னு சொல்லி வச்சுட்டேன். அன்னில இருந்து தூக்கம் வரல. என் வீட்டுக்காரர் வேலையை விட்டுடுங்கறார். நான் போயிட்டா இவங்களை யாரு பாப்பா? இது புண்ணியம் பண்ற வேலையா பாவம் பண்ற வேலையா அக்கா?

பதில்: தங்கச்சி, புண்ணியம் பாவம் எல்லாம் அப்புறம் பேசலாம். நான் இருந்து என்ன பிரயோஜனம்னு அந்த டிரைவர் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரியைத்தான் முதல்ல பாக்கணும். இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவருக்கு ஃபோன் போடுங்க. சுத்தி வளைக்காம நேராவே கேளுங்க, தற்கொலை பண்ணிக்கணும்னு நினைப்பு வருதா சார்னு. கேட்டா எங்க அந்த நினைப்பு வந்துடுமோன்னு நாம பயப்படறோம், அப்படியெல்லாம் வராது, யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க. ஆமான்னா 988-க்கு, அதாவது தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கான உதவி லைனுக்கு, கால் பண்ணச் சொல்லுங்க, 2022 ஜூலைல இருந்து அந்த நம்பர் நாடு முழுக்க இருக்கு, டெக்ஸ்ட்டும் பண்ணலாம். இப்பவே ஏதாவது பண்ணிக்குவார்னு தோணுச்சுன்னா லைனை வைக்காம இன்னொரு ஃபோன்ல 911. அப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலயே ஃபைல்ல எழுதி, தேதி நேரம் போட்டு, சூப்பர்வைசருக்கு மெயில் அனுப்புங்க, சாட்ல சொன்னாப் போதாது. இந்த மாதிரி கேஸை ஹியரிங் ஆபீஸ்ல கிரிட்டிக்கல்னு மார்க் பண்ண வழி இருக்கு, அதனால அவங்களுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்க. அந்த காலுக்கு 6 நிமிஷம் ஆகுதா 60 நிமிஷம் ஆகுதான்னு கடிகாரத்தைப் பாக்காதீங்க, யாராவது கேட்டா அந்த மெயிலைக் காட்டுங்க.

பேசிட்டு வந்து மீதியைப் படிங்க.

நான் இந்த லைனுக்கு வந்தது 2011-ல, நியூஜெர்சி பக்கம் ஒரு கம்பெனி, பேர் வேணாம். எனக்கு 280 கேஸ். நாலாவது மாசம்னு நினைக்கறேன், ஒரு அம்மா கூப்பிட்டாங்க, ஓட்டல்ல ரூம் கிளீன் பண்ற வேலை பாத்தவங்க, ரெண்டு முட்டியும் போச்சு. லெட்டர் வந்திருக்கு, மறுபடியும் மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லி அழ ஆரம்பிச்சாங்க. நானும் நாற்பது நிமிஷம் கேட்டேன், கூடவே எனக்கும் அழுகை, கடவுள் இருக்காரும்மா நாங்க பாத்துக்கறோம்னு சொல்லி வச்சேன். அன்னிக்கு ராத்திரி எவ்ளோ நல்ல காரியம் பண்ணிட்டோம்னு மனசு நிறைஞ்சு தூங்கினேன். ஆனா லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு கேக்கல. எங்களுக்கு வர வேண்டிய காப்பியும் வரல, இல்ல வந்து ஸ்கேன் பண்ற இடத்துல எங்கயோ மாட்டிக்கிச்சு. அப்பீல் பண்ண 60 நாள், தபாலுக்கு 5 நாள், மொத்தம் 65 நாள் போயிடுச்சு. லேட்டானதுக்குக் காரணம் சொல்லி லெட்டர் போட்டோம், ஏத்துக்கல. அவங்களோடது எஸ்எஸ்ஐ கேஸ், அதாவது வருமானமும் சொத்தும் ரொம்பக் கம்மியா இருக்கறவங்களுக்கான உதவித்தொகை, அதுல பின்னாடி தேதிக்குப் போய் காசு கேக்க முடியாது, புதுசா அப்ளை பண்ணினா பண்ணின மாசத்துக்கு அடுத்த மாசத்துல இருந்துதான். அதுவரைக்கும் காத்திருந்த மாசமெல்லாம் அப்படியே தண்ணில போச்சு. அவங்க என்னைத் திட்டவே இல்ல. நீ ரொம்ப நல்ல பொண்ணும்மான்னுதான் சொன்னாங்க. அது இன்னும் மோசம்.

அதுக்கப்புறம் ஒண்ணு பழகிக்கிட்டேன். யாராவது அழுதா அழட்டும், நானும் கேப்பேன், ஆனா வைக்கறதுக்கு முன்னாடி அந்த அழுகைல இருந்து ஒரு வரியாவது ஃபைலுக்குப் போயாகணும். ஒரு தேதி, ஒரு டாக்டர் பேரு, ஒரு மருந்து, எத்தனை நிமிஷம் உக்கார முடியுதுங்கற கணக்கு, ஏதோ ஒண்ணு. ஜட்ஜ் நம்ம ஃபோனைக் கேக்கப் போறதில்ல, ஃபைலைத்தான் பாப்பார்.

எப்படின்னு ஒண்ணு சொல்றேன். ஃபங்ஷன் ரிப்போர்ட்னு ஒரு ஃபாரம், எஸ்எஸ்ஏ 3373, நீங்க தினமும் பாக்கறதுதான். அதுல சாப்பாடு நீங்களே பண்ணிக்கறீங்களான்னு ஒரு கேள்வி வரும். நர்ஸிங் ஹோம்ல உதவியாளரா இருந்த ஒரு லேடி, கழுத்து எலும்பு தேய்ஞ்சு வலது கை மரத்துப் போனவங்க, ஆமா தினமும்னு எழுதியிருந்தாங்க. அதை அப்படியே அனுப்பினா ரிஜெக்‌ஷன்ல, இவர் தினமும் சமைக்கிறார், அதனால வேலையும் பாக்கலாம்னு வந்து நிக்கும். நான் கூப்பிட்டு நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். ஃப்ரீசர்ல இருந்து ஒரு டப்பா எடுத்து மைக்ரோவேவ்ல வச்சாங்களாம். டப்பாவை எந்தக் கையால எடுத்தீங்க? இடது கை. மேல இருக்கற பிளாஸ்டிக்கை யார் கிழிச்சா? கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னாங்க, மக ஞாயித்துக்கிழமை வந்து ஏழு நாள் டப்பாக்கும் ஓரத்தைக் கிழிச்சு வச்சுட்டுப் போவா, அது ஆகற வரைக்கும் நான் ஸ்டூல்ல உக்காந்திருப்பேன்னு. அதைச் சொல்ல அவங்களுக்கு வெக்கம். நம்ம ஊர்ல மட்டும் என்ன, ஆஸ்பத்திரி பெட்ல கெடக்கறவங்ககிட்ட எப்படி இருக்கீங்கன்னா நல்லா இருக்கேன்னுதான் வாய் சொல்லும். அதை டாக்டர் நோட்ல நோயாளி நன்றாக இருக்கிறார்னு எழுதிடுவார், அந்த ஒரு வரியை வச்சு இங்க கேஸையே மூடிடுவாங்க. அந்த கால் எனக்கு 11 நிமிஷம் ஆச்சு, திட்டு வாங்கினேன், அந்த ஏழு டப்பாவை ஹியரிங்ல ஜட்ஜே எடுத்துக் கேட்டார்.

இப்ப கம்பெனி ஏன் இப்படி இருக்குங்கறதுக்கு வரேன், இது புரிஞ்சா உங்க டிரக் டிரைவர் விஷயமும் புரியும். நம்ம மாதிரி கம்பெனிக்கு ஜெயிச்சாத்தான் காசு, பழைய பாக்கி அதாவது பேக் பேல 25 சதவீதம், அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. 2009-ல இருந்து 6,000 டாலர், 2022 நவம்பர்ல 7,200 ஆச்சு, 2024 நவம்பர்ல 9,200 ஆச்சு. எஸ்எஸ்டிஐ-ல, அதாவது வேலை பாத்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டினவங்களுக்கான உதவித்தொகைல, முதல் அஞ்சு மாசத்துக்குப் பணமே கிடையாது. ஒருத்தருக்கு மாசம் 1,500 வரும்னு வைங்க. ஏழு மாசத்துல முதல் அப்ளிகேஷன்லயே ஜெயிச்சா பேக் பே ரெண்டு மாசம், 3,000, நமக்கு 750. அதே ஆள் ரெண்டு வருஷம் இழுத்து ஹியரிங்ல ஜெயிச்சா 19 மாசம், 28,500, நமக்கு 7,125. ஆள் எவ்ளோ நாள் காஞ்சாரோ அவ்ளோ நம்ம ஃபீஸ். யாரும் வேணும்னே இழுக்கறாங்கன்னு சொல்ல வரல, ஆனா சீக்கிரம் முடிக்கணும்னு யாருக்கும் அவசரமும் இல்ல. தோத்தா ஒண்ணுமே கிடையாது, அதான் இன்டேக்ல, அதாவது புது கேஸ் சேக்கற இடத்துல, வலை பெருசா வீசறாங்க, ஆளுக்கு 300 கேஸ் தலைல கட்டறாங்க, தேறாதுன்னு தோணினதை நடுவுல கழட்டி விடறாங்க. எதிர்ப்பக்கம், இந்த கேஸையெல்லாம் முடிவு பண்ற சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்லயும் ஆள் இல்ல, 2025 பிப்ரவரில 57,000 பேரை 50,000-ஆ குறைக்கப் போறோம்னு அறிவிச்சாங்க, அந்த ஹோல்ட் மியூசிக்கைக் கேட்டுக் கேட்டு என் பையன் அதை கீபோர்டுல வாசிப்பான். காத்திருக்கறதுன்னா சும்மா இல்ல, 2008-ல இருந்து 2019 வரைக்கும் அப்பீல்ல முடிவு வர்றதுக்குள்ள செத்துப்போனவங்க மட்டும் 1,09,725 பேர்னு அரசாங்கத்தோட தணிக்கை அமைப்பு ஜிஏஓவே கணக்கு சொல்லியிருக்கு.

சரி, டிரக் டிரைவர். அப்ளை பண்றப்ப 48, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இப்ப அவருக்கு என்ன வயசு? 50 ஆயிடுச்சா? யாராவது ஃபைலைத் திறந்து பாத்தாங்களா, இல்ல இன்டேக்ல போட்ட 48-ஐயே வச்சுக்கிட்டு முடிவு பண்ணிட்டாங்களா?

ஏன்னா 50-க்கு முன்னாடி ஒரு கதை, பின்னாடி வேற கதை. 48 வயசுக்காரர் முதுகு போச்சு டிரக் ஓட்ட முடியாதுன்னு சொன்னா, உக்காந்து பாக்கற வேலை எத்தனையோ இருக்கே போய்ப் பாருன்னுடுவாங்க. ஹியரிங்ல வேலை நிபுணர்னு ஒருத்தர் வந்து அந்த வேலைகளை வாசிப்பார், அந்த லிஸ்ட் இருக்கற புத்தகம் கடைசியா திருத்தினது 1991-ல, கொட்டைப் பருப்பைத் தரம் பிரிக்கற வேலையெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2024-லதான் அந்த மாதிரி நூத்துக்கும் மேல வேலைகளைத் தூக்கினாங்க. ஆனா 50 ஆயிட்டா கிரிட்னு ஒரு கட்டம் வருது. உக்காந்து பாக்கற வேலைதான் முடியும், பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, பழைய வேலைல கத்துக்கிட்டது உக்காந்து பாக்கற வேலைக்கு உதவாது, நேரா போய் உக்கார்ற மாதிரி புதுப் படிப்பும் இல்லன்னா, விதியே அவரை டிஸேபிள்டுன்னு சொல்லும். டிரக் ஓட்டினவருக்கு இது நல்லாவே பொருந்தி வரும். 50-க்கு இன்னும் கொஞ்ச மாசம் பாக்கின்னாலும் அந்த விதியைப் பொருத்தலாமான்னு ஜட்ஜ் யோசிச்சாகணும், கண்டிப்பா கிடைக்கும்னு இல்ல.

அதனால எங்களை மாதிரி ரெப், அதாவது கிளெய்மன்ட்டுக்காக (அப்ளை பண்ணினவருக்காக) ஜட்ஜ் முன்னாடி ஆஜராகறவங்க, பண்றது என்னன்னா, ஊனம் ஆரம்பிச்ச தேதியை 50-வது பிறந்தநாளுக்கு மாத்திக்கறோம்னு கிளெய்மன்ட் சம்மதத்தோட ஜட்ஜ்கிட்ட சொல்லுவோம். பல நேரம் கேஸ் அதுலயே முடிஞ்சுடும். ஆனா இங்கதான் பாருங்க. அவருக்குப் பிறந்தநாள் போன மாசமோ அதுக்கு முந்தின மாசமோன்னு வைங்க, அங்க இருந்து அஞ்சு மாசம் காத்திருப்பு, அப்ப பேக் பேன்னு பெருசா ஒண்ணும் மிஞ்சாது. அவருக்கு மாசாமாசம் பென்ஷன் மாதிரி காசு வரும், 24 மாசம் கழிச்சு மெடிகேர்ங்கற அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸும் வரும், கம்பெனிக்கு வர்றது பூஜ்யம், இல்ல ஏதோ சில்லறை. மனைவி சம்பாதிக்கறதால எஸ்எஸ்ஐ பக்கமும் ஒண்ணும் தேறாது. உங்க கம்பெனி இதுக்காகத்தான் விடுதுன்னு நான் சொல்லல, நான் ஃபைலைப் பாக்கல, அந்த எம்ஆர்ஐல என்ன இருக்கோ. ஆனா தேறாத கேஸுங்கறதும் காசு தேறாத கேஸுங்கறதும் ஸ்க்ரீன்ல ஒரே கலர்லதான் தெரியும், உங்க சீட்ல உக்காந்தவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நானே ரெண்டு வருஷம் தெரியாமத்தான் லெட்டர் அனுப்பிக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு, இது முக்கியம். 2018-ல சோஷியல் செக்யூரிட்டி ரெப்ரசென்டேட்டிவ்களுக்கான நடத்தை விதியைத் திருத்தினாங்க. அதுப்படி கேஸ் கெடற மாதிரி, அவர் வேற ஆளைத் தேட டைம் இல்லாத மாதிரி விலகக்கூடாது, ஹியரிங் தேதியும் இடமும் குறிச்சப்புறம்னா அசாதாரணமான காரணம் இருந்தாத்தான் விலகலாம். ஹியரிங் நோட்டீஸ் 75 நாளுக்கு முன்னாடியே அனுப்பணும், உங்களுக்கு அஞ்சு வாரம்தான் பாக்கின்னா தேதி எப்பவோ குறிச்சாச்சு. அதனால நீங்க பண்ண வேண்டியது, சண்டை இல்ல, ஒரு மெயில். ரெப்பை நியமிக்கற அப்பாயின்ட்மென்ட் ஃபாரம்ல யார் பேர் இருக்கோ அந்த ரெப்புக்கு, சூப்பர்வைசருக்கு காப்பி. நாலே விஷயம் போதும், ஹியரிங் தேதி இது, கிளெய்மன்ட்டுக்கு இப்ப வயசு இது, கிரிட்டையும் தேதி மாத்தறதையும் பாத்தாச்சான்னு தெரியல, விலகறதுன்னா 2018 விதிப்படி சரியான்னு உறுதிப்படுத்துங்க. குத்தம் சொல்ற தொனியே வேணாம், எனக்குக் கத்துக்கணும்னு ஆசையா இருக்குங்கற மாதிரி கேளுங்க. எழுத்துல இப்படி ஒரு கேள்வி வந்துட்டா லைசென்ஸுக்கு பயப்படற ரெப் யாரா இருந்தாலும் ஃபைலைத் திறப்பார். திறந்து பாத்து, அப்பவும் விடறோம்னா அது அவர் முடிவு, அவர் கையெழுத்து. நீங்க பாக்க வேண்டியது அந்த டிரைவருக்கு விஷயம் இன்னிக்கே தெரியணும், ஹியரிங் கேன்சல் ஆகல நீங்க போகணும்னு தெரியணும், உள்ளூர்ல லீகல் எய்ட் ஆபீஸோ சின்ன வக்கீல் ஆபீஸோ தேட டைம் இருக்கணும், அவ்ளோதான். ரெப் கேஸை விடாம வச்சுக்கிட்டா, முதுகு பாத்த டாக்டர்கிட்ட அவரால எத்தனை நிமிஷம் உக்கார முடியும், நிக்க முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும்னு ஒரு ஃபாரம் வாங்க இந்த வாரமே ஃபேக்ஸ் போடுங்க, ஹியரிங்குக்கு 5 வேலை நாள் முன்னாடி எல்லாம் உள்ள போயிருக்கணும்.

ஃபைல்ல எழுதுங்கன்னு சொன்னேன்னு கூட்டி எழுதிடாதீங்க. உங்களை மாதிரி இளகின மனசுக்காரங்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், பாவம்னு ரெண்டு நிமிஷத்தைக் குறைச்சுப் போடத் தோணும். 2015-ல இருந்து சாதகமோ பாதகமோ கேஸுக்கு சம்பந்தப்பட்ட எல்லா ரெக்கார்டும் கொடுத்தாகணும், ஒரு பக்கத்தை உருவக்கூடாது. கென்டக்கில எரிக் கான்னு ஒரு வக்கீல், காசு கொடுத்து டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கி, ஒரு ஜட்ஜையும் கைக்குள்ள போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்குல கேஸ் ஜெயிச்சார். 2017-ல குத்தத்தை ஒத்துக்கிட்டு, தப்பிச்சு ஓடி, அதே வருஷ டிசம்பர்ல ஹோண்டுராஸ்ல பிடிபட்டார். அவர் ஜெயிலுக்குப் போனது கிடக்கட்டும், நிஜமாவே முடியாதவங்க எத்தனையோ பேருக்கு அவரால வந்துக்கிட்டிருந்த காசு நின்னுது.

5 மணிக்கு மேல உக்காந்து எழுதறீங்களே, அதை நிறுத்துங்க. நிறுத்த முடியலன்னா கணக்கு வைங்க, ஒரு நோட்டுல தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், கம்பெனி லேப்டாப்ல வேணாம். மணிக்கணக்குச் சம்பளம்னா நீங்க வேலை செஞ்சது அவங்களுக்குத் தெரிஞ்சாலோ தெரிஞ்சிருக்கணும்னாலோ காசு தரணும், வாரம் 40 மணிக்கு மேல போனா ஒன்றரை மடங்கு. மாசச் சம்பளம்தானேன்னு சொன்னாலும் விடாதீங்க, வாரத்துக்கு 684 டாலருக்குக் குறைஞ்சா ஓவர்டைம் உண்டு, கூடவா இருந்தாலும் ஸ்க்ரிப்ட் பாத்துப் பேசற வேலையெல்லாம் சுலபமா விதிவிலக்குல வராது. முதல்ல ஹெச்ஆர்-க்கு எழுதுங்க, நடக்கலன்னா லேபர் டிபார்ட்மென்ட்டோட வேஜ் அண்ட் அவர் பிரிவு இருக்கு, ரெண்டு வருஷத்துப் பாக்கி வரைக்கும் கேக்கலாம், கம்ப்ளெய்ன்ட் பண்ணினதுக்காக உங்களைத் தூக்கினா அதுவும் தப்பு. ஹெச்4-ன்னு பயந்துக்கிட்டு பேசாம இருக்கீங்கன்னு உங்க லெட்டர்ல வரிக்கு வரி தெரியுது. சம்பளச் சட்டம் விசாவைப் பாத்து மாறாது தங்கச்சி.

வேலையை விடறதா வேணாமான்னு கேட்டீங்க. நான் போயிட்டா இவங்களை யார் பாப்பாங்கறது மட்டும்தான் காரணம்னா விடுங்க. கசப்பா இருக்கும், இருந்தாலும் சொல்றேன், நான் நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்தப்ப என் கேஸெல்லாம் அடுத்த திங்கக்கிழமையே வேற பேருக்கு மாறிடுச்சு, ரெண்டு பேர் என்னைத் தேடினாங்க, அவ்ளோதான். ஆனா இந்த வேலையே பிடிக்கலையா, இந்த இடம் பிடிக்கலையான்னு பிரிச்சுப் பாருங்க, எனக்கென்னவோ உங்களுக்கு இடம்தான் பிரச்சினைன்னு படுது. இந்த லைன்ல வக்கீலா இல்லாதவங்களும் ஜட்ஜ் முன்னாடி வாதாடலாம், 2010-ல இருந்து நேரடியா ஃபீஸ் வாங்கற உரிமையும் நிரந்தரமாச்சு. டிகிரி வேணும், பேக்ரவுண்ட் செக், ஒரு எக்ஸாம், லையபிலிட்டி இன்சூரன்ஸ். நான் அப்படித்தான் வந்தேன். உங்க எம்எஸ்டபிள்யூவை ஒரு ஏஜென்சி மூலமா மதிப்பீடு பண்ணி வச்சுக்கோங்க. ரெண்டு வக்கீல் இருக்கற சின்ன ஆபீஸ்ல சேந்தா சம்பளம் கொஞ்சம் கம்மியா இருக்கலாம், ஆனா கிளெய்மன்ட் பேரைச் சொன்னா முகம் ஞாபகம் வரும். ஹியரிங் ரூம்ல ஒரு தடவை உக்காந்து பாருங்க, நீங்க எழுதின ஒரு வரியை ஜட்ஜ் சத்தமா படிக்கறதைக் கேட்டா அப்புறம் ஆறு நிமிஷக் கணக்குக்குத் திரும்பிப் போக மனசு வராது.

தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டு வாரம் தாண்டினா டாக்டரைப் பாருங்க, அடுத்தவங்க மெடிக்கல் ரெக்கார்ட் துரத்தற நாம நம்ம உடம்புக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்க மாட்டோம், நானும் அப்படித்தான் இருந்தேன். யாரோட நம்பரையும் சொந்த ஃபோன்ல சேவ் பண்ணாதீங்க, ராத்திரி கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியாது.

புண்ணியமா பாவமான்னா, அந்த முட்டி போன அம்மா கேஸ் இன்னும் என் கணக்குலதான் இருக்கு, டப்பா கேஸும் இருக்கு. எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியல.

இப்ப அந்த ஃபைலைத் திறங்க. அவருக்கு 50 ஆயிடுச்சா இல்லையா, அதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, பேரும் வேணாம் ஊரும் வேணாம். ஆயிடுச்சுன்னா ரெப்புக்கு அனுப்பற மெயில்ல என்ன எழுதலாம்னு சேந்தே பாக்கலாம்.